கிராஸ் குட்டியின் கணக்கு

சங்கரன்கோவில் பக்கம் காவல் நாய் தேடுகிறவர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் ராஜபாளையம். கரிசல்காட்டுக்குள் போனால் சிப்பிப்பாறை. மலையடிவாரத்தைப் பிடித்துக்கொண்டு தேனி மாவட்டத்துக்குள் நுழைந்தால் கோம்பை. மூன்றும் ஊர்ப்பெயர்கள், மூன்றும் நாயினப் பெயர்கள். கறுப்பு உடம்பும் செம்பழுப்புக் காலுமாக இருக்கும் கன்னி நாயும் இதே வட்டாரத்துப் பிள்ளைதான். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம்.

இருந்தும் இன்று குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் பலர் கேட்பது இவற்றில் எதையும் இல்லை. அவர்கள் கேட்பது கிராஸ். விற்கிறவரும் அதற்கேற்றபடி சொல்கிறார்: "அண்ணாச்சி, அப்பன் ராஜபாளையம், ஆத்தா லேப்ரடார். வாசல்ல ஒருத்தன் காலெடுத்து வைக்க முடியாது. உள்ள வந்தா பிள்ளைகளோட பிள்ளையா கெடக்கும்."

வாங்கிப் போன பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகளை அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொன்றாக எடுத்துப் போகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அண்ணன் வீட்டு நாய் தபால்காரரை வாசலண்டை விடுவதில்லை. தம்பி வீட்டு நாய் யார் வந்தாலும் வாலாட்டுகிறது, ஆனால் வீட்டுக் குழந்தை அருகில் போனால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. அப்பன் ஒன்று, ஆத்தா ஒன்று, பிறந்த நாளும் ஒன்று. முரட்டுத்தனத்தையும் சாந்தத்தையும் கலந்தால் வேண்டிய இடத்தில் முரடும் வேண்டிய இடத்தில் சாந்தமும் ஏன் கிடைக்கவில்லை?

கலக்கும், கரையாது

நம் மனதில் இருக்கும் படம், இரண்டு ரத்தம் கலந்து ஒன்றாகிவிடுகிறது என்பது. 'பாதி ராஜபாளையம், பாதி லேப்' என்கிற பேச்சே அந்தப் படத்திலிருந்துதான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரியல் அறிஞர்கள் பலரும்கூட அப்படித்தான் நினைத்தார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. அரிசியையும் உளுந்தையும் ஆட்டி மாவாக்கிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. முழுத் தானியமாக ஒரே பானையில் கொட்டிக் கலக்கினால் ஒவ்வொரு மணியும் அதுவாகவே இருக்கும். அள்ளும் ஒவ்வொரு கைப்பிடியிலும் வேறு வேறு அளவில் வரும். மரபணுக்கள் இந்த இரண்டாவது வகை. ஓர் உயிரின் உடலையும் ஓரளவுக்கு நடத்தையையும் தீர்மானிக்கும் செய்தித் துணுக்குகள் இவை. நாய்க்குச் சுமார் 20,000 மரபணுக்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு படிகளாக இருக்கும், தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. குட்டிக்குக் கொடுக்கும்போது நாய் தன் இரண்டு படிகளில் ஒன்றைத்தான் கொடுக்கும். எந்தப் படி என்பது தற்செயல்.

இரண்டு படிகளும் வெவ்வேறு செய்தி சொன்னால் என்ன ஆகும்? சில இடங்களில் ஒன்று மற்றதை அமுக்கிவிடும். அமுக்குவதைப் பள்ளிப் புத்தகங்கள் ஓங்கு பண்பு என்கின்றன, அமுங்குவதை ஒடுங்கு பண்பு என்கின்றன. ஒடுங்கிய படி அழிந்துபோவதில்லை. அடுத்த தலைமுறையில் தன்னைப் போன்ற இன்னொரு படியோடு சேர்ந்துவிட்டால் மறுபடி தலைகாட்டும்.

இந்த வட்டாரத்துப் பருத்தி விவசாயிக்கு இது அனுபவத்தில் தெரிந்த சங்கதி. வீரிய ஒட்டு விதையைப் போட்டால் வயல் முழுக்க ஒரே சீராக வரும். அந்த வயலிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் நெட்டையும் குட்டையுமாக நிற்கும்.

பார் ஹார்பர் கொட்டில்கள்

நாயின் குணம் கலப்பில் என்ன ஆகிறது என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடற்கரை ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1940-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி கொட்டில், ஒரே மாதிரி சோதனை என்று வளர்த்தார்கள். முடிவுகள் 1965-இல் தடிமனான ஒரு நூலாக வந்தன. நாயைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வு நூல்களில் இதற்கு இணையாக உழைப்பைக் கொட்டியது வேறு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

அந்த ஐந்தில் இரண்டு இனங்களைக் கலந்து பார்த்தார்கள். ஒன்று பசெஞ்சி. நடு ஆப்பிரிக்காவின் காட்டோரக் கிராமங்களிலிருந்து வந்த வேட்டை நாய். கட்டுமஸ்தான சின்ன உடம்பு, குட்டை முடி. அதிகம் குரைக்காது. குட்டியாக இருக்கும்போது மனிதக் கை பட்டால் அலறி ஓடும். மற்றொன்று காக்கர் ஸ்பானியல். நீளக் காது, நீள முடி. பல தலைமுறையாக மனிதர்களின் மடியிலும் தோட்டத்திலும் வளர்ந்தது. கைக்குழந்தை போல ஒட்டிக்கொள்ளும், ஆனால் குரைத்துத் தள்ளும்.

இப்போது விற்பவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பசெஞ்சியின் அமைதியும் காக்கரின் ஒட்டுதலும் சேர்ந்தால் வீட்டுக்கு எவ்வளவு நல்ல நாய்! குரைத்துத் தொந்தரவு செய்யாது, குழந்தை தூக்கினாலும் பதறாது.

பசெஞ்சித் தகப்பன் காக்கர் தாய், காக்கர் தகப்பன் பசெஞ்சித் தாய் என்று இரண்டு விதமாகவும் கலந்தார்கள். தாயின் வளர்ப்பால் வரும் வேறுபாட்டைப் பிரித்து அறிய இது தேவை. ஐந்து வார வயதில் ஆள் நெருங்கிப் போய்க் குட்டியைத் தூக்கினார், தடவினார், கீழே விட்டுவிட்டு விலகினார். குட்டி பின்வாங்குகிறதா, கத்துகிறதா, ஓடுகிறதா என்று குறித்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்தபின் இரண்டு குட்டிகளுக்கு நடுவில் ஓர் எலும்பைப் போட்டு, யார் குரைக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

முதல் தலைமுறைக் கலப்புக் குட்டிகள் காக்கர் போலத் தாராளமாகக் குரைத்தன. கை பட்டபோது பசெஞ்சி போல மிரண்டன.

எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். குரைக்கும் தன்மை ஓங்கு பண்பாகவும் மிரட்சியும் ஓங்கு பண்பாகவும் நடந்துகொண்டன. அமைதியும் ஒட்டுதலும் ஒடுங்கிப் போயின. ஓங்குவது எது, ஒடுங்குவது எது என்பதை இயற்கை நம் வசதியைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. லேப்ரடாரின் சாந்தமும் ராஜபாளையத்தின் காவல் உணர்வும் ஓங்கும் என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. 'பிள்ளையோட பிள்ளையா கெடக்கும்' என்று சொல்கிறவர் கையில் இருப்பது அவருடைய ஆசை மட்டுமே.

பதினாறில் ஒன்று

ஒடுங்கிய குணங்கள் அழியவில்லை என்றோமே, அப்படியானால் அடுத்த தலைமுறையில் தேடலாம். முதல் தலைமுறைக் கலப்புகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் என்ன வரும்? கணக்கை எளிமையாக்க, குரைப்பதற்கு ஒரு மரபணு, மிரட்சிக்கு ஒரு மரபணு என்று வைத்துக்கொள்வோம். பார் ஹார்பர் முடிவுகளும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டின.

ஒவ்வொரு கலப்பு நாயிடமும் குரைப்புக்கான படி ஒன்று, அமைதிக்கான படி ஒன்று. குட்டி அமைதியாக இருக்க வேண்டுமென்றால் தகப்பனும் அமைதிப் படியைக் கொடுக்க வேண்டும், தாயும் அதையே கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு பாதி. பாதியில் பாதி, கால். நான்கு குட்டியில் ஒன்று அமைதியானது. மிரட்சி இல்லாத குட்டிக்கும் இதே கணக்கு, நான்கில் ஒன்று. இரண்டும் ஒரே குட்டியிடம் சேர வேண்டுமானால் காலில் கால், அதாவது பதினாறில் ஒன்று.

ஓர் ஈத்துக்கு எட்டுக் குட்டி என்றால் சராசரியாக இரண்டு ஈத்துக்கு ஒரு குட்டி நாம் விரும்பியபடி பிறக்கும். சராசரியாக மட்டும்தான். பதினாறு குட்டிகள் பிறந்தும் ஒன்றுகூட அப்படி இல்லாமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. மீதிப் பதினைந்து குட்டிகளும் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போகின்றன.

இது இரண்டு மரபணுவுக்கான கணக்கு. ஐந்து ஒடுங்கு பண்புகள் ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் 1,024-இல் ஒன்று. பத்து சேர வேண்டுமென்றால் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் குட்டிகளில் ஒன்று. நடத்தை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இரண்டு மூன்று மரபணுக்களின் வேலை இல்லை. எத்தனையோ மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுவதன் கூட்டு விளைவு அது.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வீரிய ஒட்டு போல முதல் தலைமுறை சீராக வர வேண்டுமானால் தாயும் தகப்பனும் அவரவர் இனத்தில் தலைமுறை தலைமுறையாகக் கலப்பில்லாமல் வந்திருக்க வேண்டும். 'ஒரிஜினல் லேப்' என்று சொல்லப்படும் தாயின் பாட்டி யாரென்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அங்கே முதல் தலைமுறையே சிதறிவிடும். அண்ணன் தம்பி வீட்டு நாய்கள் இரண்டும் ஏன் இரண்டு விதமாக வளர்ந்தன என்பதற்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

காவல் என்பது ஒரே குணமா?

நாய் 'நன்றாகக் காவல் காக்கிறது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அதில் குறைந்தது மூன்று தனித்தனிச் செயல்கள் உண்டு. சத்தம் கேட்டதும் விழித்துக் குரைப்பது ஒன்று. தெரியாத ஆளை நம்பாமல் விலகி நின்று பார்ப்பது இன்னொன்று. பாய்ந்து கடிப்பது மூன்றாவது. குடும்பத்துக்கு வேண்டியது முதலாவது, கூடவே இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவது ஒரு வீட்டுக்கும் வேண்டியதில்லை. குரைப்பே திருடனை விரட்டிவிடும். கடி பெரும்பாலும் போய்ச் சேருவது வீட்டுக் குழந்தையிடமோ உறவுக்காரரிடமோ பால்காரரிடமோதான்.

நம் நாட்டு இனங்கள் எதற்காக வளர்க்கப்பட்டன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் ஓட்ட நாய்கள். முயல் ஓடினால் பின்னால் பறக்கும். ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பாளையக்காரர் காலத்திலிருந்து பேர் பெற்றது. ஒன்றிரண்டு ஆட்களிடம் மட்டும் ஒட்டும், மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு வேலையில்லை. வேட்டைக்கென்று பொறுக்கி எடுத்த நாய் இப்போது கிரில் கேட்டுக்குள் நிற்கிறது. பூனையையோ ஓடும் குழந்தையையோ பார்த்து அது துரத்தினால், அதன் மூதாதையர் செய்த வேலையின் ஒரு துண்டு அங்கே தலைகாட்டுகிறது.

அப்படியானால் இனம்தான் குணமா? இங்கேதான் 2022-இல் வந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எலினோர் கார்ல்சன் குழுவினர் 18,385 நாய்களின் சொந்தக்காரர்களிடம் நாயின் நடத்தை பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டார்கள். அதில் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். பாதி நாய்கள் கலப்பு. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனம் என்பது விளக்குவது ஏறக்குறைய 9 விழுக்காடுதான் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சொன்ன பேச்சுக் கேட்கும் தன்மையில் இனத்துக்கு இனம் வேறுபாடு ஓரளவு தெரிந்தது. எவ்வளவு சீண்டினால் சீறும் என்பதில் இனத்தை வைத்துச் சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இதை வைத்து இனத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சராசரி வேறுபாடு இருக்கிறது. ஆனால் ஓர் இனத்துக்குள்ளேயே உள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது. உங்கள் வீட்டுக்கு வரப்போவது சராசரி இல்லை, ஒரு தனி நாய்.

வெள்ளைத் தோல், கேளாத காது

நடத்தையை விட்டு உடலுக்கு வந்தால் இனம் பற்றிய பேச்சு உறுதியாகிறது. ராஜபாளையம் நாய்க்கு நம் ஆட்கள் பார்ப்பது பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். கறுப்போ பழுப்போ கலந்த குட்டிகளும் இந்த இனத்தில் பிறப்பதுண்டு. முன்பெல்லாம் அவற்றை ஒதுக்கிவிடுவார்கள், கொன்றுவிடுவதும் உண்டு. வெள்ளையை மட்டும் மேலும் மேலும் பொறுக்கி எடுத்ததன் விலையை அந்த இனம் காதில் செலுத்துகிறது. பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் ராஜபாளையத்தில் கணிசமாக உண்டு என்பது வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும்.

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? கரு வளரும்போது நிறமிச் செல்கள், அதாவது தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள், முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் தோன்றி உடம்பு முழுவதும் நகர்ந்து போகின்றன. ஒரு சில செல்கள் உட்காதுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். அங்கே அவற்றுக்கு நிறம் தரும் வேலை இல்லை. உட்காதில் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவைச் சரியாக வைத்திருக்க அவை உதவுகின்றன. அந்தத் திரவம் கெட்டால் ஒலியை உணரும் நுண்முடிச் செல்கள் செத்துவிடும். நாய்க்குட்டிக்கு இது பிறந்து மூன்று நான்கு வாரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. நிறமிச் செல்கள் குறைவாகவே நகரும்படி மரபணு அமைந்த நாய்க்கு உடம்பு வெள்ளையாகும். சில குட்டிகளில் காதுக்கும் செல் போய்ச் சேராது.

எல்லா வெள்ளை நாய்க்கும் இந்த ஆபத்து இல்லை. தெருவுக்குத் தெரு 'பொமரேனியன்' என்று வளர்க்கிறோமே, அந்த வெள்ளை நாயின் மூக்கைப் பாருங்கள், கறுப்பாக இருக்கும். நிறமிச் செல்கள் அங்கே இருக்கின்றன. முடிக்கு மட்டும் நிறம் ஏறவில்லை. மூக்கே வெளுத்திருந்தால் அங்கே அந்தச் செல்கள் குறைவு என்று பொருள். நாம் அழகு என்று விலை கூட்டிக் கொடுக்கும் ரோஜா நிற மூக்கு, காதைச் சோதித்துவிடுங்கள் என்று சொல்லும் அடையாளமும்கூட.

உலகில் இதை நன்றாக எண்ணிப் பார்த்த இனங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க டால்மேஷியன்களில் சுமார் 22 விழுக்காட்டுக்கு ஒரு காது கேட்காது, 8 விழுக்காட்டுக்கு இரண்டும் கேட்காது. புல் டெரியரில் வெள்ளை நாய்களில் ஐந்தில் ஒன்றுக்குக் குறை உண்டு. அதே இனத்தில் நிறமுள்ள நாய்களில் அது நூற்றில் ஒன்று சொச்சம். இனம் ஒன்றுதான், நிறம் மாறியதும் காது மாறுகிறது.

குடும்பத்தில் வளரும் பெரிய நாய்க்கு இது சாதாரணக் குறை இல்லை. கேளாத நாய் தூங்கும்போது குழந்தை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் அது திடுக்கிட்டு விழிக்கும். திடுக்கிட்ட வாய் எங்கே பட்டது என்று அதற்கே தெரியாது. அது கெட்ட நாய் இல்லை, கேட்காத நாய். கூட இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்தால் தரையைத் தட்டி எழுப்பலாம், கை ஜாடையில் பழக்கலாம். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியைக் கை தட்டிக் கண்டுபிடிக்க முடியாது, திரும்பிப் பார்த்துவிடும். தலையில் மின்முனை பொருத்தி, ஒலிக்கு மூளை தரும் பதிலை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக அளக்கும் சோதனை உண்டு. ஐந்து வாரத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு காது கேட்காத நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவதாலும் குறை சத்தமில்லாமல் பரவுகிறது. ராஜபாளையத்தின் மேல் பாசம் இருக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சோதனை வசதியை என்று நினைக்கிறேன்.

ஒரு நல்ல கலப்பு

இவ்வளவு சொன்னதால் கலப்பே தவறு என்று படலாம். தெரிந்து செய்யும் கலப்பு வேறு. டால்மேஷியன் இனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இனம் முழுவதும் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகப் போகும் ஒரு குறையைச் சுமந்தது, அதனால் கல் அடைப்பு வரும். இனத்துக்குள் நல்ல படி ஒன்றுகூட மிச்சமில்லை. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயிண்டர் என்ற இன்னோர் இனத்தோடு கலந்தார். பிறந்தவற்றில் நல்ல படியைப் பெற்றவற்றை மட்டும் மறுபடி மறுபடி டால்மேஷியனோடு சேர்த்தார். சில தலைமுறைகளில் பார்வைக்கு முழு டால்மேஷியன், சிறுநீரில் குறை இல்லை. இதைத் தூய்மை கெட்டதென்று சங்கங்கள் நெடுங்காலம் எதிர்த்தன. அமெரிக்கக் கென்னல் சங்கம் இவற்றைப் பதிவில் சேர்த்தது 2011-இல்.

நம் நாட்டு இனங்கள் சிறு வட்டத்துக்குள் உறவுக்குள்ளேயே சேர்க்கப்படுகின்றன. அதனால் ஒளிந்திருக்கும் ஒடுங்கு குறைகள் இரண்டு பக்கமும் சேர்ந்து வெளிப்படுகின்றன. இன்ன குறைக்கு இன்ன கலப்பு என்று கணக்கு வைத்து, குட்டிகளைச் சோதித்து, திரும்ப இனத்துக்குள் கொண்டுவருவது இனத்தைக் காப்பாற்றும் வேலை. காசுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு லேப்ரடாரோடு சேர்ப்பது அந்தக் கணக்கில் வராது.

மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை

பார் ஹார்பரின் மிரண்ட குட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஐந்தாம் வாரத்தில் அலறி ஓடிய பசெஞ்சிக் குட்டிகளை வாராவாரம் தூக்கித் தடவிக்கொண்டே இருந்தபோது மிரட்சி வேகமாகக் கரைந்தது. பதினைந்தாம் வாரத்தில் அவற்றுக்கும் மற்றக் குட்டிகளுக்கும் இடைவெளி மிகக் குறுகிவிட்டது. ஓங்கு மரபணு இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் பழக்கம் ஏறி நின்றது.

இப்படிப் பழக்கம் ஏறும் காலத்தைப் பழகும் பருவம் என்று அழைப்போம். நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரத்தில் திறந்து, பன்னிரண்டு முதல் பதினான்காம் வாரத்துக்குள் மெல்ல மூடிக்கொள்ளும் காலம். இந்த நாட்களில் அது எவற்றைப் பயமில்லாமல் பார்க்கிறதோ அவையெல்லாம் அதன் உலகம். அதே ஆய்வகத்தில் 1961-இல் வெளியான ஒரு சோதனையில், வேலியிட்ட வயலில் மனித வாசமே இல்லாமல் சில குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை ஐந்தாம் வாரத்தில், சிலவற்றை ஏழாம் வாரத்தில் என்று வெளியே எடுத்துப் பழக்கினார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரையே பார்க்காமல் இருந்தவை காட்டு விலங்கு போலவே ஆகிவிட்டன. பிறகு எவ்வளவு பழக்கியும் சரியாகவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மூன்று முதல் பன்னிரண்டு வரை ஒன்பது வாரம். அதில் ஐந்து வாரம் விற்பவர் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது. அந்த ஐந்து வாரமும் குட்டி இருட்டுக் கொட்டகையில் கிடந்ததா, அடுப்படிச் சத்தமும் பிள்ளைகளின் கையும் பழகி வளர்ந்ததா என்பதே அது எந்தக் கலப்பு என்பதைவிட உங்கள் வீட்டுக்கு முக்கியம்.

மீதி நான்கு வாரம் உங்களுடையது. தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கிவிட முடியாது, பார்வோ நோய் குட்டிகளை வாரிக்கொண்டு போகும். தூக்கிக்கொண்டு போகலாமே! பூ மார்க்கெட் கூட்டம், விசைத்தறிச் சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், புர்கா போட்ட அம்மா, ஊன்றுகோல் வைத்த தாத்தா, ஆட்டுக்கிடை என்று எல்லாவற்றையும் கைக்குள் இருந்தபடியே பார்க்கட்டும். 'இப்பவே எல்லாரோடயும் பழகிட்டா காவல் காக்காது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பயம் வேண்டாம். பழகிய நாய்க்குத்தான் சாதாரண ஆளுக்கும் சுவர் ஏறுகிறவனுக்கும் வித்தியாசம் தெரியும். பழகாத நாய்க்கு எல்லாமே ஆபத்து. பெரிய இனங்களில் காவல் உணர்வு ஒன்றரை, இரண்டு வயதில்தான் முழுதாக வெளிப்படும். ஆறு மாதத்தில் எல்லாரிடமும் குழைகிறதே என்று சங்கிலியில் கட்டி முரடாக்கப் பார்ப்பதுதான் பெரிய கேடு. கட்டிய நாய்க்குப் பயம் வந்தால் விலகிப் போக வழியில்லை. பாய்வது ஒன்றுதான் மிச்சம்.

உயரமும் பட்டியலும்

ராஜபாளையம் தோள் உயரத்தில் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வளரும். அதன் தலை நான்கு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும். சின்ன நாய் பத்து முறை கடித்தாலும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். பெரிய நாய்க்கு ஒரு தடவை போதும். பெரிய நாய் அதிகம் கடிக்கும் என்பதால் வந்த எச்சரிக்கை இல்லை இது. கடித்தால் என்ன ஆகும் என்பதால் வந்தது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பெரிய நாயையும், எவ்வளவு சாந்தமானதானாலும், சின்னக் குழந்தையோடு தனியே விடக் கூடாது.

ஆபத்தான நாய்களைப் பட்டியல் போட்டுத் தடுக்கும் முயற்சியும் நடந்தது. 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய அரசின் கால்நடைத் துறை, பிட்புல், ராட்வைலர் முதலிய 23 வகைகளையும் அவற்றின் கலப்புகளையும் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. சட்டச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். கலப்பு நாயைக் கண்ணால் பார்த்து இன்ன இனம் என்று சொல்வது அனுபவசாலிகளாலும் ஆகாத காரியம். 2009-இல் அமெரிக்காவில் விக்டோரியா வாய்த் என்ற கால்நடை மருத்துவர், காப்பகங்கள் சொன்ன இனத்தை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டபோது பெரும்பாலான நாய்களில் பொருந்தவில்லை. தலை வடிவமும் நிறமும் சில மரபணுக்களின் வேலை. மிச்ச ஆயிரக்கணக்கானவை எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று முகம் சொல்லாது.

குட்டி பார்க்கப் போகும்போது

முதலில் தாயைப் பார்க்கக் கேளுங்கள், முடிந்தால் தகப்பனையும். அந்நியரான உங்களைக் கண்டு குரைத்துவிட்டு, சொந்தக்காரர் சொன்னதும் அடங்கும் தாய் நல்ல அறிகுறி. பார்க்கவே விடமாட்டேன், கட்டிப்போட்டிருக்கிறேன் என்றால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். ஒரே ஈத்தில் இன்னும் குட்டிகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒருசேரப் பாருங்கள், சிதறல் கண்ணுக்குத் தெரியும். மூலையில் ஒடுங்கும் குட்டியைப் பரிதாபப்பட்டு எடுப்பது நல்ல மனசு. ஆனால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம், பொறுமையும் நேரமும் உள்ளவர் எடுக்கட்டும்.

குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து, காற்றோ அதிர்வோ படாத தூரத்தில், சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். வெள்ளைக் குட்டியானால் இதைத் தவறவிடாதீர்கள். ரோஜா மூக்குள்ள கிராஸ் குட்டிக்கும் இதே சோதனைதான். எட்டு வாரம் முடிந்ததா என்று பல்லைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருடா வருடம் தவறாமல். குட்டியின் பல் விளையாட்டாகப் பட்டுக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.